நொய்டா, இங்கிலாந்து, டெக்சாஸ், ஸ்கார்பரோ: குளிர் வீட்டுக்குள் வந்த வழிகள்

நவம்பர் பிறந்தால் போதும், வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளைகளும் அவர்களின் அம்மா அப்பாக்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: அங்கே குளிர் எத்தனை டிகிரி போகும், எத்தனை ஸ்வெட்டர் வாங்க வேண்டும்? நொய்டா, இங்கிலாந்து, டெக்சாஸ், நடுவில் ஒரு டிசம்பர் கனடா என்று போன இடங்களில் எல்லாம் வழக்கத்துக்கு மாறான குளிர்காலத்தைப் பார்த்துவிட்டதால் என்னைக் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு. தங்கப் போகிற வீட்டில் ஹீட்டர் எதில் ஓடுகிறது, கரண்டிலா கேஸிலா? தண்ணீர் பைப் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது? பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. ஒரு ஊர் எந்தக் குளிரை நினைத்துக் கட்டப்பட்டதோ, அதைத் தாண்டிக் குளிர் வரும்போதுதான் ஆட்கள் படாத பாடு படுகிறார்கள். -20 டிகிரியில் டொரன்டோவில் பள்ளிக்கூடம் நடக்கும், பஸ் ஓடும். அதைவிடக் குறைந்த குளிரில் டெக்சாஸில் ஜனங்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே செத்தார்கள்.

டெக்சாஸைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் நாங்கள் டல்லாஸுக்கு வடக்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அந்த ஊரில் வீடு கட்டுகிறவர்கள் நினைப்பதெல்லாம் கோடைக்காலத்தைப் பற்றித்தான். வீடு தரையோடு போட்ட கான்கிரீட் பலகைமேல் நிற்கும், கீழ்த்தளம் கிடையாது, அதனால் பல வீடுகளில் தண்ணீர் பைப் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள அட்டிக் வழியாகப் போகும். அந்த இடத்தில் ஹீட்டர் காற்று வராது, வெளியே என்ன குளிரோ கிட்டத்தட்ட அதே குளிர்தான் அங்கேயும். ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது, பிள்ளைகள் சந்தோஷமாக விளையாடினார்கள். பிப்ரவரி 15, திங்கள் அதிகாலை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அடுத்த நாள் டல்லாஸில் -19 டிகிரி.

டெக்சாஸின் பெரும்பகுதிக்கு மின்சாரம் தரும் கட்டமைப்பு அமெரிக்காவின் கிழக்கு, மேற்குக் கட்டமைப்புகளோடு பெரிதாக இணைக்கப்படாமல் தனியாக நிற்கிறது. அதனால் பக்கத்து மாநிலங்களிடம் கடன் கேட்க அவ்வளவாக வழியில்லை. அன்று அதிகாலை மின் உற்பத்தி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறைந்து நிற்க, 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய மின்சார அதிர்வெண் (தேவையைவிட உற்பத்தி குறைந்தால் இது இறங்கும்) 59.4-க்குக் கீழே போய்விட்டது. இன்னும் 4 நிமிடம் 37 வினாடி அப்படியே நீடித்திருந்தால் மொத்தக் கட்டமைப்பும் படுத்திருக்கும், திரும்ப எழுப்ப வாரக் கணக்கில் ஆகியிருக்கும். அதைத் தடுக்கத்தான் 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மேல் கரண்டை வெட்டினார்கள். சுழற்சி முறையில் வெட்டுவோம் என்றுதான் அறிவிப்பு, ஆனால் மருத்துவமனை இருக்கும் லைனில் கரண்ட் போகவே இல்லை, மற்ற லைன்கள் நாள் கணக்கில் இருட்டிலேயே கிடந்தன, ஒரு தெருவில் விளக்கு எரிய அடுத்த தெருவில் மெழுகுவர்த்தி. இதில் என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. மின் நிலையத்துக்குப் போகும் இயற்கை எரிவாயுவை எடுத்து அழுத்தி அனுப்பும் இடங்களில் சிலவும் கரண்டில்தான் ஓடுகின்றன, அவற்றில் பலவற்றை அவசியமான இடம் என்று யாரும் பட்டியலில் சேர்த்து வைக்கவில்லை, அதனால் அவற்றுக்கும் கரண்டை வெட்டினார்கள், எரிவாயு இன்னும் குறைந்தது, மின்சாரமும் இன்னும் குறைந்தது. 2011 பிப்ரவரியிலேயே இதே மாதிரி ஒரு குளிர் வந்து, கருவிகளைக் குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று அறிக்கையும் எழுதி வைத்திருந்தார்கள். அரசுக் கணக்குப்படியே 2021 பனிப்புயலில் இறந்தவர்கள் 246 பேர். அதன்பிறகுதான், அதே வருடம், கருவிகளைக் குளிருக்குத் தயார் செய்யச் சொல்லிச் சட்டம் வந்தது.

எங்கள் வீட்டில் அடுப்பும் கரண்ட், ஹீட்டரும் கரண்ட். அவலும் தயிரும் ஊறுகாயும் இருந்தன, ரொட்டி இருந்தது, ஓட்டிவிட்டோம். ஜன்னலே இல்லாத, வீட்டின் நடுவில் இருக்கும் துணி அறைதான் கடைசிவரை சூடு தாங்கியது, மெத்தையை அங்கே இழுத்துப் போட்டுக் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்து நான்கு பேரும் அங்கேயே படுத்தோம். பாத்டப்பில் முன்பே தண்ணீர் பிடித்து வைத்திருந்தது கழிப்பறைக்கு உதவியது. அந்த வாரம் டெக்சாஸில் ஒரு கோடிப் பேருக்கும் மேல் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. காய்ச்சக் கரண்ட் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் மோசமான நாள் குளிர் விட்ட நாள்தான். வெயில் எட்டிப் பார்த்தது, ஓடுகளிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்தது, தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது. மதியம் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார், பேச்சே வரவில்லை அவருக்கு. போய்ப் பார்த்தால் அவர் வீட்டு ஹாலில் சீலிங் பலகை ஈரத்தில் ஊறிக் கட்டிலின் அளவுக்குப் பெயர்ந்து சோபாமேல் கிடக்கிறது, மேலிருந்து சூடு காக்க வைத்த ரோஜா நிறப் பஞ்சு தொங்குகிறது, அதன் வழியாகத் தண்ணீர் கொட்டுகிறது. மெயின் வால்வு வீட்டுக்குள் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நடைபாதை ஓரம் மண்ணுக்குள் ஒரு இரும்பு மூடி இருக்கும், மீட்டர் அதற்குள், பக்கத்திலேயே வால்வு. மூடி பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் ஓரமெல்லாம் குத்தி, சுத்தியலால் தட்டி, இரண்டு பேரும் மண்டியிட்டு அதை நெம்பித் திறந்து, நீளமான இரும்புச் சாவியைப் போட்டுத் திருப்பி நிறுத்துவதற்குள் மரத்தரை முழுக்கப் போய்விட்டது.

பைப் ஏன் குளிரில் வெடிக்காமல் வெயிலில் கொட்டுகிறது என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. பைப்பின் நடுவில் ஓர் இடம் உறைந்து அடைத்துக்கொண்டால், அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் இடையில் மாட்டிய தண்ணீருக்கு அழுத்தம் ஏறிக்கொண்டே போய் பைப்பைக் கிழித்துவிடும். ஆனால் ஐஸ் அடைத்திருக்கும்வரை ஒன்றும் ஒழுகாது, உருகினால்தான் தெரியும். அதனால்தான் உறைகுளிர் அறிவிப்பு வந்ததும் குழாயை மெல்லிய நூலாக ஒழுக விடச் சொல்கிறார்கள். தண்ணீர் ஓடினால் உறையவே உறையாது என்பதில்லை, திறந்த குழாய் வழியாக அழுத்தம் வெளியேறிவிடும், அதுதான் முக்கியம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அறைச் சூடு பைப்புக்குப் போகும். கரண்ட் போய் வீடும் ஆறிவிட்டது என்றால் மெயினை மூடிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து தண்ணீரை வடித்துவிடுவதுதான் நல்லது. வால்வு எங்கே என்பதை வீட்டுக்குப் போன முதல் நாளே பார்த்து, ஒரு தரம் திருப்பியும் பார்த்துவிடுங்கள்.

பில் விஷயம் ஒன்று. சந்தை விலைக்கே மின்சாரம் தருகிறோம் என்ற திட்டத்தில் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்த வாரம் மொத்தச் சந்தை விலை ஒரு யூனிட் 9 டாலர் வரை போனது, ஆயிரக்கணக்கில் பில் வந்தது. டெக்சாஸ் போகிறவர்கள் விலை நிலையாக இருக்கும் திட்டத்தைத் தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இத்தனையும் கனடாவில் நடக்காது, அவர்கள் குளிருக்குப் பழகியவர்கள் என்று நினைப்போம். 2013 டிசம்பரில் மனைவியின் அக்கா வீட்டுக்கு, டொரன்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோ போயிருந்தோம். அங்கே கஷ்டம் கொடுத்தது குளிரே இல்லை, மழை. மேலே ஓர் அடுக்குக் காற்று சூடாக இருக்கும், அதில் பனி உருகி மழையாகும், தரையை ஒட்டிய காற்று உறைநிலைக்குக் கீழே இருப்பதால் அந்தத் துளி குளிர்ந்துபோய் விழும், எதன்மேல் விழுகிறதோ அதன்மேலேயே ஐஸாகப் பிடித்துக்கொள்ளும். டிசம்பர் 21 இரவு முழுக்க அப்படிப் பெய்தது. காலையில் ஒவ்வொரு சுள்ளிக்கும் கண்ணாடிக் குழாய் மாட்டிவிட்டதுபோல் இருந்தது, பார்க்க அழகுதான், ஆனால் சற்று நேரத்துக்கு ஒரு முறை எங்கேயோ ஒரு கிளை முறிந்து விழுகிற சத்தம். கிளை கம்பிமேல் விழும், வானத்தில் நீலமாக ஒரு வெளிச்சம் அடிக்கும், இன்னொரு தெரு இருண்டுவிடும். டொரன்டோவில் மட்டும் 3 லட்சம் இணைப்புகள் போயின. சில வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் முடிந்தும் வரவில்லை.

அங்கே ஹீட்டர் கேஸில் ஓடுகிறது, கரண்ட் போனால் என்ன என்று தோன்றும். அந்தச் சூட்டை அறைகளுக்குத் தள்ளுவது மின்விசிறி, பற்றவைப்பதும் மின்சாரம், ஆகவே கேஸ் இருந்தும் வீடு ஆறிவிடும். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துச் சமைக்க முடிந்தது, அதுவரை லாபம். இன்னொன்று அங்கே போய்த்தான் தெரிந்தது. கம்பத்திலிருந்து வரும் கம்பியை வீட்டுச் சுவரில் பிடித்து நிறுத்தும் இரும்புக் குழாய் வீட்டுக்காரரின் சொத்து. கிளை விழுந்து அது வளைந்துவிட்டால் மின்வாரியத்து ஆள் வந்தாலும் இணைக்க மாட்டார், நாமே எலக்ட்ரீஷியனைப் பிடித்துச் சரிசெய்து, பரிசோதனையும் முடிந்த பிறகுதான் இணைப்பு. தெரு முழுக்க விளக்கு வந்தும் எதிர்வீடு மட்டும் இருட்டில் இருந்தது அதனால்தான். வீட்டை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால் இலையுதிர் காலத்திலேயே கம்பிக்கு மேலே நீட்டும் கிளைகளை ஆள் வைத்து வெட்டிவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். முன்பு மொன்றியலில் இருந்தவர், 1998 ஜனவரியில் அங்கே வந்த உறைமழையைப் பார்த்தவர். அந்த முறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய மின் கோபுரங்களே மடங்கி விழுந்தன, சில குடும்பங்களுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. மனைவியின் அக்கா கணவர் தோட்டத்துக் கரியடுப்பை உள்ளே எடுத்து வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சத்தம் போட்டார்: "தம்பி, உதை உள்ளுக்கை கொண்டு போகாதேங்கோ. கராஜுக்கையும் வேண்டாம். தொண்ணூற்றெட்டிலை நாங்கள் பார்த்தது காணும்."

இதை எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கரி, விறகு, பெட்ரோல், கேஸ் எதுவாக இருந்தாலும் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. மூச்சில் போனால் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. குளிர் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். டெக்சாஸில் அந்த வாரம் கராஜுக்குள் காரை ஓடவிட்டு அதன் ஹீட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள், கரியடுப்பை ஹாலில் வைத்தவர்கள், ஜெனரேட்டரை வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பலர் இறந்தார்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் ஆபத்துதான், புகை வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே போய் நின்றால் சரியாகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டிவந்துவிட்டு அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நம் வீடுகளில் சாம்பிராணிக்குக் கரி மூட்டுகிற பழக்கம் வேறு இருக்கிறது. ஜன்னல் எல்லாம் காற்றுப் புகாமல் அடைத்த வெளிநாட்டு வீட்டுக்குள் அதைச் செய்ய வேண்டாம், கம்ப்யூட்டர் சாம்பிராணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டெல்லிப் பக்கம் இது ஒவ்வொரு ஜனவரியும் செய்தியில் வரும். அங்கே அங்கீட்டி என்கிற கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கி, காலையில் குடும்பமே இல்லாமல் போவது. பெரும்பாலும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள், காவலாளிகள், ஜன்னலே இல்லாத ஒற்றை அறைகளில் இருப்பவர்கள். குளிர் என்னவோ 4, 5 டிகிரிதான், கனடாக்காரர் அதை வசந்தகாலம் என்பார். ஆனால் நொய்டாவில் நான் இருந்த வீட்டில் மொசைக் தரை, ஒற்றைச் செங்கல் சுவர், மூடாத ஜன்னல் இடுக்கு. ஸ்கார்பரோவில் வெளியே போகும்போதுதான் குளிரும், நொய்டாவில் வீட்டுக்குள்ளும் குளிரும், குளியலறையில் குளிரும், படுக்கை குளிரும், வாரக் கணக்கில் விடவே விடாது. நான் வாழ்க்கையில் அதிகமாக நடுங்கியது அங்கேதான். அங்கே போகிறவர்கள் தடித்த கோட்டைவிட நல்ல ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையும் தரைவிரிப்பும் வாங்குங்கள். ரூம் ஹீட்டரை 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம்.

டெல்லிக் குளிரில் இன்னொரு கஷ்டம் பனிமூட்டம். இரவில் தரை வேகமாக ஆறும், அதை ஒட்டிய காற்றும் ஆறும், மேலே சூடான காற்று மூடிபோல் நிற்கும், ஈரமும் புகையும் அடியிலேயே தேங்கிவிடும். 50 மீட்டருக்குள் கூடக் கண் தெரியாது. விமான நிலையத்தில் அந்த நிலையிலும் இறக்கும் கருவி இருக்கிறது, ஆனால் விமானத்துக்கும் விமானிக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும், இல்லாதவை ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ போகும். ரயில்வேயில் சிக்னல் வருகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியத் தண்டவாளத்தில் வெடி வைக்கிற வழக்கம் பல காலமாக உண்டு, இப்போது ஜிபிஎஸ் கருவியும் தருகிறார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை டெல்லியில் காலை விமானம், ஒன்றோடு ஒன்று ஒட்டிய இணைப்புப் பயணம் எதுவும் போடாதீர்கள், மதியத்துக்கு மேல் போடுங்கள்.

டிகிரியை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இலங்கையே சாட்சி. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் குளிரில் இறந்தன. உறைநிலைக்குக் கிட்டக்கூட வெப்பநிலை போகவில்லை. வெட்டவெளியில் மழையில் ஊறிக்கொண்டு, விடாமல் வீசும் குளிர்காற்றில் நின்ற மாடுகள் அவை. மனிதருக்கும் இதேதான், நனைந்த துணியோடு காற்றில் நிற்பது காய்ந்த -10-ஐவிட மோசமாகிவிடலாம். உள்ளே போடுவது பருத்தியாக இருந்தால் வியர்வையில் நனைந்து அப்படியே இருக்கும், கம்பளியோ அதற்கென்று விற்கும் செயற்கை நூல் உள்ளாடையோ போடுங்கள், காலுறை மாற்று ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

இங்கிலாந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 பிப்ரவரி கடைசியில் சைபீரியாப் பக்கமிருந்து வந்த கிழக்குக் காற்று. துருவத்துக்கு மேலே மிக உயரத்தில் சுற்றும் காற்று வளையம் திடீரென்று உடைந்துபோனதில் வந்தது அது, டெக்சாஸ் குளிருக்கு முன்பும் அப்படி ஒன்று நடந்தது. லண்டனில் மார்ச் 2 அன்று ரயிலுக்கு மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் ஐஸ் பிடித்து, லூயிஷம் பக்கம் ரயில்கள் மணிக்கணக்கில் நிற்க, பயணிகள் இறங்கித் தண்டவாளத்திலேயே நடந்தார்கள். எங்கள் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. ரிப்பேர்காரருக்கு அன்று போன் கிடைக்கவே இல்லை. புதிய வகை பாய்லர்களில் புகையிலிருந்து வடியும் தண்ணீர் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளிச்சுவரில் இறங்கும், அது உறைந்தால் பாய்லர் தானே நின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையில் எடுத்து அந்தக் குழாய்மேல் மேலிருந்து கீழாக ஊற்றி, உள்ளே வந்து ரீசெட் பட்டனை அழுத்தினால் ஓட ஆரம்பிக்கும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குழாய் விரிசல் விட்டுவிடும், கீழே ஊற்றியது ஐஸாகி வழுக்கும்.

சரி, இந்த வருடம் கிளம்புகிறவர்கள் வீடு பேசும்போதே கேட்க வேண்டியவை: கரண்ட் போனால் இந்த வீட்டில் எது எது நிற்கும், தண்ணீர் மெயின் எங்கே மூடுவது, பைப் வெளிச்சுவரிலோ அட்டிக்கிலோ போகிறதா, பாய்லர் குழாய்க்கு ஸ்பாஞ்சு உறை போட்டிருக்கிறார்களா, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா. வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அலாரம் இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கிப் படுக்கையறைக்குப் பக்கத்தில் வையுங்கள், பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள், கரண்ட் இல்லாத இரவில்தான் அது வேண்டும். ஏற்கெனவே ஒன்று மாட்டியிருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள், அப்புறம் கழற்றிப் பின்பக்கம் அச்சடித்திருக்கும் தேதியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் சில வருடங்கள்தான், அது முடிந்திருந்தால் சத்தம் வந்தாலும் மாற்றச் சொல்லுங்கள்.